வாயைக் கட்டத் தெரியாதவர்களா நாங்கள்?

காலை ஆறரைக்கு நம்பர் எடுத்தோம். உம்மாவின் முறை வரும்போது பதினொன்றரை. புத்தளம் கரையோரத்தில் உள்ள ஒரு கிளினிக்கின் வாங்கில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்ததற்கு வைத்தியரிடம் கிடைத்தது மூன்று நிமிடம். வெறும் வயிற்றில் சுகர் 186, நிறை 76 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். கொப்பியில் ஒரு வரி எழுதினார்: நிறையைக் குறைக்கவும். பிறகு, "வாயைக் கட்டுங்கோ அம்மா, அதுதான் மருந்து" என்றார்.

ஓட்டோவில் திரும்பும்போது உம்மா நீண்ட நேரம் பேசவில்லை. வீட்டுக்குக் கிட்ட வந்ததும் கேட்டார்: "நான் என்ன, வாயைக் கட்டத் தெரியாத பொம்பிளையா மகள்?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. நானும் 81 கிலோ. மூன்று முறை குறைத்து, மூன்று முறையும் திரும்ப ஏற்றிக்கொண்டவள். ஒவ்வொரு முறையும் "எனக்கு மனவுறுதி போதாது" என்றுதான் முடிவுகட்டியிருந்தேன். உம்மாவின் கேள்விக்குப் பிறகுதான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன், ஊரில் ஆட்களிடம் விசாரித்தேன். கிடைத்ததை உம்மாவின் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

நோன்பு பிடிப்பவருக்கு உறுதி இல்லையா?

முதலில் ஒரு எளிய விடயம். ஒவ்வொரு ரமழானிலும் என் உம்மா விடியற்காலை தொடங்கி பொழுது படும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வைத்தியரிடம் கேட்டு குளிசை நேரங்களை மாற்றிக்கொண்டு முப்பது நாளும் பிடிக்கிறார். எங்களுக்குத் தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்கு நாட்கணக்காக விரதம் இருந்து நெருப்பில் நடக்கிறார்கள். இந்த மனிதர்களுக்கு உறுதி இல்லை என்று யார் சொல்வது?

அப்படியானால் நோன்பில் ஒரு நாள் முழுவதும் பசியைத் தாங்கும் அதே பெண்ணால், சாதாரண நாளொன்றில் பின்னேரத் தேநீரோடு வரும் மூன்றாவது பிஸ்கட்டை ஏன் மறுக்க முடியவில்லை?

வித்தியாசம் இதுதான். நோன்புக்கு ஒரே ஒரு விதி. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது நிமிடக் கணக்கில் தெரியும். வீடு முழுக்க, ஊர் முழுக்க அதே விதி. அடுப்பும் பகலில் ஓய்ந்திருக்கும். "சாப்பிடவா வேண்டாமா" என்று ஒருமுறைகூட யோசிக்கத் தேவையில்லை. நிறை குறைப்பதோ இதற்கு நேரெதிர். சாப்பிடவும் வேண்டும், ஆனால் அளவாக. எவ்வளவு, எதை, எப்போது என்று நாளுக்குப் பலமுறை தனியாகத் தீர்மானிக்க வேண்டும். அதுவும் முடிவுத் திகதி இல்லாமல். முன்னது உறுதியைக் கேட்கிறது. பின்னது ஓயாத தீர்மானத்தைக் கேட்கிறது. இரண்டும் மூளைக்கு ஒரே வேலை அல்ல.

தலைக்குள் இருக்கும் நிறைவேற்று அதிகாரம்

இலங்கையில் "நிறைவேற்று" என்ற சொல்லைக் கேட்டதும் ஜனாதிபதிப் பதவிதான் ஞாபகத்துக்கு வரும். மூளைக்குள்ளும் அப்படியொரு நிருவாகம் இருக்கிறது. பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிகள் சேர்ந்து நடத்தும் அந்த வேலைகளை நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என்கிறார்கள். பிரதானமாக மூன்றைச் சொல்வார்கள்.

ஒன்று, தடுத்து நிறுத்தல். கை நீளும்போது "பொறு" என்று சொல்வது. இரண்டு, செயல்படு நினைவு. இப்போது செய்யும் வேலைக்குத் தேவையானதை மனதில் தாங்கிக்கொண்டிருப்பது. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே சஹனில் சாப்பிடும்போது, கதையும் சிரிப்பும் நடுவே நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று நினைவில் வைத்திருக்க முடிகிறதா? அந்த வேலை இதனுடையது. மூன்று, மாறிக்கொள்ளும் திறன். போட்ட திட்டம் சரிவராதபோது, முழுதாகக் கைவிடாமல் வேறு வழி எடுப்பது. "மத்தியானம் பிரியாணி சாப்பிட்டாச்சு, இண்டைக்கு எல்லாம் கெட்டுப்போச்சு, இனி நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லும்போது தளர்ந்துபோயிருப்பது இந்த மூன்றாவதுதான்.

உலகெங்கும் நிறை குறைப்புக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது நடத்தை மாற்ற முறை. சாப்பிட்டதை எழுதி வைப்பது, கிழமைக்கொரு தடவை நிறை பார்ப்பது, சிறு இலக்கு வைப்பது, நடப்பது, தவறிய இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது. இது பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 7 சதவீத நிறைக் குறைப்பும் கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 2006இல் சென்னையில் வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

ஆனால் மேலே சொன்ன பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். எழுது, கணக்கிடு, நினைவில் வை, தடு, திட்டமிடு, மாற்று. ஒவ்வொன்றும் நிறைவேற்றுத் தொழிற்பாட்டின் தலையில் வைக்கும் சுமை. அந்த நிருவாகம் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் ஒருவருக்கு இந்தப் பட்டியலைக் கொடுத்தால் என்ன நடக்கும்?

அந்தத் திறனைத் தின்பது எது?

இதற்கான மிக முக்கியமான சாட்சியங்களில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவோ ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லை, கடன் கழுத்தில். அறுவடைக்குப் பின் காசு வந்துவிடும். அதே மனிதர், அதே மூளை. ஆனால் காசில்லாத காலத்தில் தடுத்து நிறுத்தும் சோதனையிலும் யோசிக்கும் சோதனையிலும் குறைவான புள்ளிகள். வறுமை மூளையின் கொள்ளளவில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். இதுபற்றிப் பிறகு விவாதங்கள் எழுந்தன. வேறு சில ஆய்வுகள் இத்தனை வலுவான விளைவைக் காணவில்லை. ஆனாலும் கடன்பட்டவருக்கு இந்த முடிவு புதினமாக இருக்காது.

உடப்பில் கரைவலைக் குடும்பத்துப் பெண் ஒருவரிடம் இந்த ஆய்வைச் சொன்னேன். அவருக்கும் சுகர். "கடல் கொந்தளிக்கிற மாசங்களில வலை வளைக்க ஏலாது. கடன்காரன் வாற நாளில நான் சமைக்கிறதே இல்ல. கடையில ரெண்டு பணிஸ், ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். கிளினிக்ல சொன்ன மரக்கறி அந்த நேரம் நினைவுக்கே வராது பிள்ள" என்றார். கரும்பு விவசாயிக்கு அறுவடை எப்படியோ, இவர்களுக்குக் கடல் அப்படி.

இரண்டாவது, நித்திரை. 2004இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் ஹோர்மோனான கிரெலின் 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பும் மாச்சத்தும் நிறைந்த உணவில் ஆசை எழுந்தது. நித்திரை குறைந்தால் பசியும் கூடுகிறது, அதைத் தடுக்கும் திறனும் குறைகிறது. இரவு இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவர், அவருக்குத் தேநீர் ஊற்ற எழும்புகிறவர், நெஞ்சு திடுக்கிட்டு விழித்துப் பிறகு தூங்க முடியாதவர் என்று எங்கள் ஊர்களில் இரவு முழுக்கத் தூங்குகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, மனநிலை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் சொன்னபோது நான் கைக்குழந்தை. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவிலிருந்தும் வெளியேற்றப்பட்ட பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கு. அப்படி இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரிடம் செஸ்மல் சிறிவர்தன தலைமையில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. இருபது வருடங்களுக்குப் பிறகும் 18.8 சதவீதமானோருக்கு ஏதோவொரு பொதுவான மனநலப் பாதிப்பு இருந்தது. வேலையின்மை, துணையை இழந்திருத்தல், உணவு நிச்சயமின்மை ஆகியவை அதோடு சேர்ந்து காணப்பட்டன. யுத்தம் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் 32.6 சதவீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் கண்டது. மனச்சோர்வும் பதகளிப்பும் கவனத்தையும் நினைவையும் திட்டமிடலையும் நேரடியாகப் பாதிப்பவை. யாரை யார் துரத்தினார்கள் என்ற கணக்கு வேறு. உடம்பில் எழுதப்பட்ட கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நான்காவதாக, ஆய்வுகளில் நான் காணாத, ஆனால் எங்கள் குசினியில் கண்ட ஒன்று. முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி வந்தது. வாப்பா கூப்பனோடு வரிசையில் நின்றார். மரக்கறி நிவாரணத்தில் இல்லை. மாவும் சீனியும் தேநீரும்தான் பசியை ஆற்றின. அந்தக் காலத்திலிருந்து உம்மா சோற்றைக் கொட்டியதை நான் கண்டதில்லை. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை அவர்தான் சாப்பிடுவார். இப்போது பேரப்பிள்ளைகள் மிச்சம் வைப்பதையும். வன்னியில் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கோப்பையில் மிஞ்சுவதை விடமுடியாமை பேராசை அல்ல. அது பசி கற்றுக்கொடுத்த பாடம். ஆபத்து போன பிறகும் பாடம் மறக்கவில்லை.

ஏன் இது அவசரம்?

2005–2006இல் நடந்த தேசிய ஆய்வு இலங்கையின் வளர்ந்தோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு என்றது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2018–2019 ஆய்வில் அந்த அளவு 23 சதவீதம். ஏறத்தாழ நான்கு பேருக்கு ஒருவர்.

தென்னாசிய உடம்புக்கு எல்லையும் கீழேதான். உடற்திணிவுச் சுட்டி 25 தாண்டினால்தான் அதிக நிறை என்பது பொதுக் கணக்கு. ஆசியர்களுக்கு 23 தொட்டாலே அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5இல் உயர் அபாயம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது எங்களுக்கான எல்லை. நல்ல செய்தி என்னவென்றால், நிறையில் 5 சதவீதம் குறைந்தாலே சுகரிலும் பிரஷரிலும் பலன் தெரியும். 76 கிலோ உள்ள உம்மாவுக்கு அது நான்கு கிலோவுக்கும் குறைவு.

மூளையைப் பழக்க முடியுமா?

நிறைவேற்றுத் தொழிற்பாட்டைப் பயிற்சியால் பலப்படுத்தினால் நிறை குறைப்பு இலகுவாகுமா என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் அதிக நிறையுள்ளவர்களுக்குக் கணினியில் செயல்படு நினைவுப் பயிற்சி கொடுத்தார்கள். நினைவு மேம்பட்டது. சிலருக்கு உணவு பற்றிய தொந்தரவான எண்ணங்கள் குறைந்தன. நிறை குறையவில்லை.

இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகம் 2015இல் வேறொன்றைச் செய்தது. திரையில் பழம், மரக்கறி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். கேக், சொக்லேட், சிப்ஸ் வந்தால் கையை அடக்க வேண்டும். 83 பேர், ஒரு கிழமைக்குள் நான்கு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். உணவுப் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 0.7 கிலோ இழந்தார்கள். அளவு சிறிதுதான். ஆனால் மொத்தச் செலவு நாற்பது நிமிடம்.

மிக வலுவான முடிவு சிட்னியிலிருந்து வந்தது. ஜயந்தி ராமன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 80 பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் முதலில் வழமையான நடத்தை மாற்றப் பாடம். பிறகு பாதிப்பேருக்கு மட்டும் எட்டு அமர்வுகளில் சிந்தனைப் பயிற்சி. அதில் என்ன சாப்பிடுவது என்ற பேச்சே பிரதானம் இல்லை. புதிர்கள், ஒரே விடயத்தைப் பல கோணத்தில் பார்க்கும் பயிற்சிகள், நான் எப்படி யோசிக்கிறேன் என்று கவனித்தல், அதை வீட்டில் ஒரு சிறு மாற்றமாகச் செய்துபார்த்தல். முடிந்து மூன்று மாதத்தில் அந்தப் பயிற்சி பெற்றவர்களில் 68 சதவீதமானோர் 5 சதவீத நிறையையோ அதற்கு மேலோ குறைத்திருந்தார்கள். பெறாதவர்களில் 15 சதவீதம் மட்டுமே.

ஒரே ஒரு ஆய்வை வைத்துத் துள்ளக்கூடாது. 80 பேர் சிறு தொகை, மூன்று மாதம் குறுகிய காலம். ஆனால் மூன்று ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பொதுவான நினைவு விளையாட்டு நிறையைக் குறைக்கவில்லை. உணவோடும் அன்றாட வாழ்க்கையோடும் கட்டிய பயிற்சி உதவியது. கைத்தொலைபேசியில் "மூளைப் பயிற்சி" என்று காசு கேட்கும் செயலிகளை நம்பி இறங்கமுன் இதை யோசியுங்கள்.

தலையிலிருந்து சுமையை இறக்குவது

எங்கள் மாவட்டத்தில் எட்டு அமர்வுக்கு யாரிடம் போவது? ஆகவே நான் வேறு கேள்வி கேட்டேன். நிருவாகத்தைப் பலப்படுத்த முடியாவிட்டால், அதன் வேலையைக் குறைக்கலாமா? நோன்பு அதைத்தானே செய்கிறது.

ஜேர்மன் உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் 1999இல் எழுதிய கட்டுரை இதற்கு வழி காட்டுகிறது. "குறைவாகச் சாப்பிடுவேன்" என்ற விருப்பத்தை விட, "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் திட்டம் அதிகம் நிறைவேறுகிறது. அந்த நேரம் வரும்போது யோசிக்கத் தேவையில்லை. முன்பே தீர்மானித்தாயிற்று. நானும் உம்மாவும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்து எழுதியவை இவை.

பேரப்பிள்ளைகள் சோற்றை மிச்சம் வைத்தால், அது உடனே கோழி வாளிக்குள் போகும். உம்மாவால் குப்பையில் கொட்ட முடியாது, ஆனால் கோழிக்குப் போடலாம். ஒன்றும் வீணாகவில்லை. இந்த ஒரு விதிதான் எங்கள் வீட்டில் அதிகம் மாற்றியது.

தேநீர் ஊற்றினால், சீனி ஒரு கரண்டி மட்டும். நாளுக்கு ஐந்து தேநீர், மூன்று கரண்டி வீதம் போட்டால் பதினைந்து கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 60 கிராம், ஏறத்தாழ 240 கலோரி. இது தேநீரில் மட்டும். உம்மா மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று ஆறு கிழமை எடுத்தார். சீனிப் போத்தல் இப்போது மேல் தட்டில், மா வாளிக்குப் பின்னால். எடுக்க வேண்டுமானால் முக்காலி வேண்டும்.

சோறு போட்டால், சட்டியை மேசைக்குக் கொண்டுவருவதில்லை. கோப்பையில் முதலில் சுண்டலும் மரக்கறியும், பிறகு மீன், கடைசியில் சோறு. கலியாண வீட்டுக்குப் போனால், சஹனில் தன் பக்கத்துச் சோறு முடிந்ததும் கை கழுவி எழும்புவது. எழும்பும்போது சொல்வதற்கு "சுகர்" என்ற ஒரு சொல் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை.

இரவு விழிப்பு வந்தால், குசினிக்குப் போகாமல் முன் விறாந்தையில் தஸ்பீஹோடு இருப்பது.

இன்னொன்றும் சேர்த்தோம். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் லெனார்ட் எப்ஸ்ரீன் குழுவினர் 2013இல் கண்டது: எதிர்காலத்தில் நடக்கப்போகும் நல்ல காரியமொன்றை விவரமாக மனதில் கண்ட பெண்கள், உடனடி ஆசைக்கு இழுபடுவது குறைந்தது, சாப்பிட்ட அளவும் குறைந்தது. உம்மாவிடம் "பத்து வருசத்தில எப்படி இருக்க விருப்பம்?" என்று கேட்டேன். அவருக்கு எதிர்காலத்தை நினைப்பதே கடினமாக இருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் போகக் கண்டவர் பத்து வருடத்தைப் பற்றி எப்படி யோசிப்பார்? கடைசியில் சொன்னார்: "மூத்த பேத்தியிட கலியாணத்துக்கு சோனகத் தெருவில நான் என்ட காலால நடந்து போக வேணும்." அதைத்தான் பிரிஜ்ஜின் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

நடைதான் மிகவும் சிரமப்பட்டது. கிளினிக்கில் "அரை மணித்தியாலம் நடங்கோ" என்பார்கள். எங்கே? எங்கள் வீதியில் நடைபாதை இல்லை. நாய்கள் உண்டு, பொழுது பட்டால் வெளிச்சம் இல்லை. தனியாக ஒரு பெண் வேகமாக நடந்தால் "என்ன அவசரம்?" என்று கேட்கவும் ஆள் உண்டு. இப்போது அஸர் தொழுகைக்குப் பிறகு நான்கு பெண்கள் சேர்ந்து பாடசாலை மைதானத்தைச் சுற்றுகிறார்கள். நான்கு பேரில் ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் வருவார். நினைவில் வைத்திருக்கும் வேலை ஒருவர் தலையில் இல்லை.

எட்டு மாதத்தில் உம்மா 76இலிருந்து 72.5. அதாவது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் தங்கச்சியின் கணவருக்கு வேலை போன மாதம் ஒரு கிலோ கூடியது. அப்போது "எல்லாம் போச்சு" என்று விடாமல், சீனி விதி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை ஒத்திவைத்தோம். நான் 81இலிருந்து 78. பெரிய சாதனை இல்லை. ஆனால் முதல் தடவையாகத் திரும்ப ஏறவில்லை.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ பாவிப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே இனிப்பு எடுக்க வேண்டும். குறைக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். பட்டினி பார்த்தவர்களைப் பட்டினி போட வேண்டாம். கடுமையான கட்டுப்பாடு பழைய பயத்தைக் கிளப்பி, பிறகு அடக்கமுடியாமல் சாப்பிடவைக்கக் கூடும். நித்திரையின்மை, மனச்சோர்வு, கெட்ட கனவுகள் இருந்தால் நிறைக்கு முன் அதைக் கவனியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2011இலிருந்து சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சுகர், பிரஷர், நிறை, இடுப்பு ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். எங்கே, எந்த நாளில் என்று உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

சுகாதாரத் துறையிடமும் கேட்க வேண்டியது உண்டு. மூன்று நிமிடத்தில் ஒரு வரி எழுதுவதை மாற்ற வைத்தியரால் முடியாது, வெளியே இருநூறு பேர் வாங்கில் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து மணித்தியாலக் காத்திருப்பில், பயிற்சி பெற்ற ஒருவர் பத்துப் பேரை வட்டமாக இருத்தி ஆளுக்கு இரண்டு "நடந்தால் செய்வேன்" திட்டம் எழுதவைக்கலாம். அடுத்த மாதம் அதையே கேட்கலாம். பிரதேச சபை ஒரு மைதானத்துக்கு இரண்டு விளக்குப் போடலாம். இவற்றுக்குப் பெரிய காசு தேவையில்லை.

போன மாதம் கிளினிக்குக்குத் திரும்பப் போனோம். வேறொரு வைத்தியர். கொப்பியைப் பார்த்து, "குறைஞ்சிருக்கே, எப்படி அம்மா வாயைக் கட்டினீங்க?" என்றார். உம்மா சொன்னார்: "வாயைக் கட்டயில்ல டொக்டர். சீனிப் போத்தலத்தான் மேல தூக்கி வைச்சன்."